காப்பாற்றப் போன ராக்கெட்டில் சீட் இல்லை! விண்வெளி கேமில் தோற்ற மீட்புப் பயணங்களும் விழுப்புரத்துக்காரரின் சந்திரயான்-3-ம்

சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டே கால். திண்டிவனத்தில் எங்கள் தெருவே தூங்கிவிட்டது. லேப்டாப் திரையில் என் மீட்புக் கலம் நிலாத் தரையில் மெதுவாக உட்கார்ந்தது. 180 மீட்டர் தள்ளி, எரிபொருள் தீர்ந்துபோன பழைய லேண்டருக்குப் பக்கத்தில், பச்சை நிறக் குட்டி வீராங்கனை ஒருத்தி பல நாளாக நின்றுகொண்டிருந்தாள். பெயர் வாலண்டினா. வீடியோ காலில் விழுப்புரத்து நண்பன்.

“மச்சி, இறங்கிட்டேன்டா!”

அவன் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். “சூப்பர் மச்சி. சரி, அந்தப் பொண்ணு உட்கார சீட் எங்கடா?”

சீட் இல்லை. மூன்று பேர் உட்காரும் கேப்சூல் அது. ஏவுதளத்துக்குப் போகும்போது அதில் காலியாக இருக்கும் இடங்களை கேமே ஆள் வைத்து நிரப்பிவிடும். வேண்டாம் என்றால் நாம்தான் ஒவ்வொருவராக எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. ஆக, மூன்று பேர் நிலாவுக்குப் போனார்கள், ஒருத்தியைப் பார்த்துக் கையசைத்தார்கள், மூன்று பேரும் ஊர் திரும்பினார்கள். நல்ல சுற்றுலா.

இது முதல் தோல்வியும் இல்லை, மூன்றாவது. இப்படிச் சொதப்பிய ஒவ்வொரு பயணத்துக்கும் நிஜ விண்வெளி வரலாற்றில் ஒரு ஜோடி இருக்கிறது. அதிலும் முக்கியமான ஜோடி எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் தலைமை தாங்கிய திட்டம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்ன கேம் இது?

‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. மெக்சிகோ சிட்டியில் இருந்த ‘ஸ்குவாட்’ நிறுவனம் 2011-ல் முதல் வடிவத்தை வெளியிட்டது, முழு வடிவம் 2015-ல் வந்தது. ராக்கெட்டைத் துண்டு துண்டாக நீங்களே பூட்டி, நீங்களே ஓட்ட வேண்டும். துப்பாக்கியும் கிடையாது, எதிரியும் கிடையாது. எதிரி என்று ஒன்று இருந்தால் அது புவியீர்ப்பு. நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் வெவ்வேறு சமயங்களில் இந்த கேமுடன் கைகோத்து, தங்கள் நிஜப் பயணங்களை இதற்குள் கொண்டுவந்திருக்கின்றன.

இதில் வரும் ‘கெர்பின்’ கிரகத்தின் ஆரம் 600 கி.மீ.தான், நம் பூமியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் நிலாவின் பெயர் ‘மன்’. அளவுகள் சின்னவை என்றாலும் இயற்பியல் ஏறக்குறைய நிஜம். அதனால் தோல்விகளும் நிஜமாகவே நடக்கின்றன. கேமில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதற்கென்றே தனி ஒப்பந்தங்கள் உண்டு. பலர் முதலில் பலத்த அடி வாங்குவது அங்கேதான்.

முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிப்பது எப்படி?

நிலாவுக்குப் போகும் முன், கெர்பினைச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரை மீட்கும் சின்ன ஒப்பந்தம் ஒன்றை எடுத்திருந்தேன். அவர் எனக்கு 30 கி.மீ. முன்னால், அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பைக்கில் வருகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது, தவறவிட்ட பஸ் கூட்டேரிப்பட்டு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்? ஆக்சிலேட்டரை முறுக்குவீர்கள். நானும் அதையேதான் செய்தேன். இன்ஜினை முழு வேகத்தில் போட்டேன். தூரம் முதலில் கொஞ்சம் குறைந்தது, பிறகு கூடியது. 30 கி.மீ. 50 ஆனது, 90 ஆனது. என் கலம் மேலே மேலே ஏறிக்கொண்டே பின்தங்கியது.

காரணம் இதுதான். சுற்றுப்பாதையில் உயரமும் வேகமும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டவை. நம் பூமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 7.78 கி.மீ., 400 கி.மீ. உயரத்தில் சுமார் 7.67 கி.மீ. மேலே போகப் போக வேகம் குறைவு, சுற்றும் வட்டமும் பெரிது. இன்ஜினை முன்னோக்கிப் போட்டால் கலம் உயரமான பாதைக்கு ஏறும், ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் எடுக்கும். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமென்றால் பிரேக் போட வேண்டும்! வேகத்தைக் குறைத்தால் கீழ்ப்பாதைக்கு இறங்குவீர்கள். அங்கே வட்டம் சின்னது, ஓட்டம் வேகம். ஒன்றிரண்டு சுற்றில் அவரை நெருங்கியதும் மீண்டும் மேலே ஏற வேண்டும்.

(சும்மா ஒரு கணக்கு: அந்த வேகத்தில் விழுப்புரம் – திண்டிவனம் 40 கி.மீ. தூரத்தைக் கடக்க ஐந்து வினாடி போதும். டோல்கேட்டில் நிறுத்தாவிட்டால்.)

இதைத் தெரியாமல் நான் சொதப்பியதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று பிறகு தெரிந்தது. 1965 ஜூனில் ஜெமினி-4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்றுபோன தன் ராக்கெட்டின் மேல்பகுதியை நெருங்கப் பார்த்தார். நேராக அதை நோக்கி இன்ஜினைப் போட்டார், அது விலகிப் போனது. எரிபொருள் வீணானதுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது. அந்த அனுபவம் வீணாகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15-ல் ஜெமினி-6ஏ, ஜெமினி-7 இரண்டும் விண்வெளியில் சில அடி இடைவெளி வரை நெருங்கி நின்றன.

நம் இஸ்ரோ இதை எவ்வளவு நிதானமாகச் செய்தது என்பதைப் பாருங்கள். 2024 டிசம்பர் 30-ல் ஏவப்பட்ட ‘ஸ்பேடெக்ஸ்’ திட்டத்தில் தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள். ஜனவரி 7-ல் நடக்க வேண்டிய இணைப்பு 9-க்குத் தள்ளிப்போனது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகல் தெரிந்ததும் அதுவும் நிறுத்தப்பட்டது. 12-ம் தேதி 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பின்வாங்கினார்கள். 16-ம் தேதிதான் இரண்டும் இணைந்தன. ‘மூணு மீட்டர் வரைக்கும் வந்துட்டு ஏன்டா பின்னாடி போறாங்க?’ என்று அன்று சோஷியல் மீடியாவில் கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது கேட்க மாட்டேன். நெருங்குவதற்குப் போடும் திட்டத்தில், பாதியில் விலகிப் போகும் வழியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

முதல் இரண்டு தோல்விகள்

இனி வாலண்டினா கதை. முதல் முயற்சியில் ஆளில்லாத கலம் ஒன்றை அனுப்பினேன். கம்ப்யூட்டர்தான் ஓட்டுநர், சோலார் பேனலும் இருந்தது. ஆனால் அது மடித்து வைக்கும் பேனல், விரிக்க மறந்துவிட்டேன். பாதி வழியில் பேட்டரி காலி. பேனலை விரிக்கக் கட்டளை கொடுக்கலாம், அந்தக் கட்டளையைக் கேட்கவே கரன்ட் வேண்டுமே! வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

நிஜத்தில் இது 1985-ல் நடந்தது. சோவியத்தின் சல்யூட்-7 நிலையத்தில் ஆள் இல்லாத நேரம். மின்சாரம் நின்று தொடர்பு அறுந்துபோனது. ஜூனில் விளாடிமிர் ஜானிபெகோவ், விக்டர் சவினிக் இருவரும் சோயுஸ் டி-13-ல் போய், எந்தப் பதிலும் தராத அந்த நிலையத்துடன் கையாலேயே ஓட்டி இணைந்தார்கள். உள்ளே உறைபனிக் குளிர். பேட்டரிகளை சோலார் பேனலுடன் நேரடியாக இணைத்து நிலையத்துக்கு உயிர் கொடுத்தார்கள். வெற்றி பெற்ற மீட்புகளில் இதைவிடக் கடினமானது எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது முயற்சியில் பேனலை ஏவும்போதே வெளிப்புறமாக ஒட்டி வைத்தேன். மின்சாரப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது எரிபொருள் காலை வாரியது.

விண்வெளியில் தூரத்தை வைத்து எரிபொருள் கணக்குப் போட மாட்டார்கள். வேகத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. அதை ‘டெல்டா-வி’ என்பார்கள், வேகத்துக்கான பட்ஜெட் என்று வைத்துக்கொள்ளலாம். ‘மன்’னைச் சுற்றும் பாதையிலிருந்து தரையிறங்க வினாடிக்குச் சுமார் 580 மீட்டர். திரும்ப மேலே வர இன்னொரு 580. அங்கிருந்து ஊர் திரும்பச் சுமார் 300. ஆக மொத்தம் 1,460. நான் சரியாக அந்த அளவுக்கு நிரப்பிக்கொண்டு போனேன். மாசக் கடைசியில் சம்பளம் வரும் என்று நம்பிப் பர்ஸைக் காலி செய்கிற ஆள் நான். கேமிலும் அப்படித்தான்.

ஆனால் வாலண்டினாவுக்குப் பக்கத்திலேயே இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சரிவு இல்லாத இடம் தேடி, அந்தரத்தில் மிதந்தபடி அங்கும் இங்கும் நகர்ந்தேன். மிதப்பது இலவசம் இல்லை. அந்த நிலாவின் ஈர்ப்பு முடுக்கம் 1.63. அதாவது, சும்மா மிதக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் பட்ஜெட்டிலிருந்து 1.63 போகிறது. இரண்டு நிமிஷம் மிதந்தேன், கிட்டத்தட்ட 195 போச்சு. இறங்கியாயிற்று, அவளும் ஏறிவிட்டாள். ஆனால் ஊர் திரும்பத் தேவையான அளவு டேங்கில் இல்லை. அவளை மறுபடி இறக்கிவிட்டு, “அடுத்த வண்டியில வா” என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

‘கூட கொஞ்சம் எரிபொருள் போட்டிருக்கலாமே?’ போடலாம், ஆனால் அந்த எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். கேமில் நான் பயன்படுத்திய இன்ஜினுக்குக் கணக்குப் போட்டால், எரிபொருள் நீங்கலாக 3 டன் எடையுள்ள கலத்துக்கு அந்த 1,460-ஐச் சாதிக்கச் சுமார் 1.6 டன் எரிபொருள் தேவை. ஒரே ஒருவர் உட்காரும் கேப்சூலைக் கூடுதலாகச் சேர்த்தால் எடை 840 கிலோ கூடும், எரிபொருளும் 450 கிலோ கூடும். இத்தனையையும் தரையிலிருந்து தூக்க, கீழே இருக்கும் ராக்கெட் இன்னும் பல டன் பெரிதாக வேண்டும். விண்வெளியில் ஒரு சீட்டின் விலை இவ்வளவு.

எரிபொருளைத் திருத்திய அவசரத்தில்தான் மூன்றாவது முயற்சியில் சீட்டை மறந்தேன்.

காலி சீட்டோடு புறப்பட்ட நிஜக் கலங்கள்

இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 2024-ல் உலகமே பார்த்த மீட்பின் மையம் காலி சீட்தான்.

சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5-ல் போயிங் ஸ்டார்லைனரில் புறப்பட்டார்கள். எட்டு நாள் போலத்தான் திட்டம். வழியில் ஹீலியம் கசிவு, சில உந்துவிசைக் கருவிகளும் மக்கர் செய்தன. செப்டம்பரில் ஸ்டார்லைனர் ஆளில்லாமல் தரையிறங்கியது. அவர்களுக்காக ‘குரூ-9’ டிராகன் கலம் செப்டம்பர் 28-ல் நான்கு பேருக்குப் பதில் இரண்டே பேருடன் கிளம்பியது. பயிற்சி முடித்துத் தயாராக இருந்த ஜீனா கார்ட்மேன், ஸ்டெஃபனி வில்சன் இருவரும் தங்கள் இடங்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 286 நாள் கழித்து, 2025 மார்ச் 18-ல் அந்தக் கலத்தில்தான் சுனிதா ஊர் திரும்பினார்.

அதற்கு முன்பே 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22-ல் குளிரூட்டும் திரவம் கசிந்தபோது, ரஷ்யா 2023 பிப்ரவரியில் எம்எஸ்-23 கலத்தை யாரும் இல்லாமலே அனுப்பியது. மூன்று சீட்டும் காலி. அதில் திரும்பிய மூவரும் விண்வெளியில் மொத்தம் 371 நாள் இருந்திருந்தார்கள்.

என் நண்பன் வாலண்டினாவுக்கு ஒரு யோசனை சொன்னான்: “வெளியில ஏணியைப் பிடிச்சு தொங்க விடுடா, ஃபுட்போர்டு மாதிரி!” கேமில் சிலர் நிஜமாகவே இதைச் செய்கிறார்கள். காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ‘சீட் இல்லாவிட்டால் என்ன செய்வது’ என்று நாசாவும் யோசித்தது. குரூ-9 வந்து சேரும் முன் அவசரம் ஏற்பட்டிருந்தால், அப்போது நிலையத்தில் இருந்த குரூ-8 கலத்தின் சரக்கு வைக்கும் இடத்தில், நுரைமெத்தையை வைத்துக் கட்டி இருவரையும் ஏற்றி வருவதுதான் ஏற்பாடு. ஃபுட்போர்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

F9 பட்டன் இல்லாத ஊர்

கேமில் F5 அழுத்தினால் அந்த நிலை சேமிக்கப்படும். F9-ஐப் பிடித்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மோதியதா? F9. எரிபொருள் தீர்ந்ததா? F9. நான் முதல் ஆறு மாதம் இப்படித்தான் ஆடினேன். ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். தவறு அந்த ஐந்து நிமிஷத்தில் இல்லை, ராக்கெட்டைப் பூட்டிய இடத்திலேயே நடந்துவிட்டது என்பதை F9 மறைத்துவிட்டது. பிறகு நண்பனின் வற்புறுத்தலால் கடின நிலைக்கு மாறினேன். அதில் F9 வேலை செய்யாது. வாலண்டினா மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இஸ்ரோவுக்கு F9 கிடையாது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலாவில் மோதியதும் திரும்ப முயல நான்கு ஆண்டுகள் ஆயின. அடுத்த திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ப.வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். ஊரில் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பிறகு பொறியியல், திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் என்று போனவர்.

சந்திரயான்-2 ஏன் விழுந்தது என்பதை அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் 2023-ல் விளக்கினார். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின. அந்தப் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் அவ்வளவு வேகமாகத் திரும்ப மென்பொருள் விடவில்லை. இறங்க வேண்டிய இடமும் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போய்ச் சேர லேண்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

படித்தபோது எனக்கு என் இரண்டாவது முயற்சி நினைவுக்கு வந்தது. துல்லியமாக இந்த இடத்தில்தான் இறங்குவேன் என்ற பிடிவாதம்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? இன்ஜின் அதிகம் உந்தியது, ஆகவே இன்ஜினைச் சரிசெய் என்று கிளம்பியிருப்பேன். பேட்டரி போனதா, பேனலை மாற்று. எரிபொருள் போனதா, டேங்கை மாற்று. போன தடவை எது உடைந்ததோ அதை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால், அடுத்த தடவை வேறொன்று உடையும். என் மூன்று தோல்விகளின் கதையே இதுதான். வீரமுத்துவேல் குழு கேள்வியை மாற்றியது. இனிமேல் என்னவெல்லாம் உடையலாம்? சென்சார் போனால்? இன்ஜின் நின்றால்? கணக்கே தப்பினால்? சோம்நாத் இதற்கு வைத்த பெயர், தோல்வியை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு.

இறங்கும் இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆனது. பரப்பில் சுமார் 38 மடங்கு. எரிபொருள் கூடியது. கால்கள் வலுவாயின, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும். எந்தப் பக்கம் திரும்பி இறங்கினாலும் மின்சாரம் கிடைக்கும்படி சோலார் பேனல்கள் கூடின. வேகத்தை அளக்கப் புதிதாக லேசர் கருவி வந்தது. ஐந்து இன்ஜின் நான்காகக் குறைந்தது, அதிலும் இரண்டு வேலை செய்யாவிட்டாலும் இறங்க முடியும்படி கணக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு விக்ரம் இறங்கியபோது இந்தக் காப்புகளில் பெரும்பாலானவை தேவைப்படவே இல்லை.

இறங்கிய பிறகு நடந்த ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. செப்டம்பர் 3-ல் விக்ரம் இன்ஜினை மறுபடி இயக்கி, 40 செ.மீ. உயரம் எழும்பி, கொஞ்சம் தள்ளி மீண்டும் உட்கார்ந்தது. 40 செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் நிலாவிலிருந்து திரும்பி வர வேண்டும் என்றால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த சந்திரயான்-4, நிலா மண்ணை எடுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்ப வேண்டிய திட்டம். அதில் மேலே எழும்ப வேண்டும், விண்வெளியில் இணைய வேண்டும். அந்த 40 செ.மீ. தாவலும் ஸ்பேடெக்ஸ் இணைப்பும் அதற்கான ஒத்திகைகள்.

கேமை ஆட ஆசை வந்தவர்களுக்கு: ‘கெர்பல்’ கம்ப்யூட்டரிலும் கேம் கன்சோலிலும்தான் ஓடும். மொபைல் மட்டும்தான் இருக்கிறது என்றால் ‘ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டர்’ இருக்கிறது. இரண்டு பரிமாணம்தான், ஆனால் பிரேக் போட்டால் முந்துகிற வித்தையை அதிலும் பழகலாம். முதலில் நிலாவுக்குக் கிளம்பாதீர்கள். சுற்றுப்பாதையில் ஒரு கலத்தை நிறுத்திவிட்டு, இன்னொன்றை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு வாரம் போகும்.

நான்காவது கலம் இப்போது ஏவுதளத்தில் நிற்கிறது. இந்தத் தடவை பூட்டி முடித்ததும் ஏவவில்லை. ஒரு ஏ4 தாளில் என்னவெல்லாம் உடையலாம் என்று எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். பதினோரு விஷயம். அவன் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான்: “பாராசூட் எங்கடா?”